குற்றவியல் படிக்கச் சேரும் முன்: என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்

முதல் பருவம் முடிந்ததும் "நான் நினைச்ச படிப்பு இது இல்லை" என்று சொல்லும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். களப்பயிற்சிக்கு அவர்களை அழைத்துப் போகும் வேலை எனக்கு. பெரும்பாலானோர் திறமையானவர்கள்தான். வரிசையை மாற்றிச் செய்ததால் தடுமாறுகிறார்கள். முதலில் கல்லூரி, அப்புறம் பாடம், கடைசியில் "இதில் என்ன வேலை?" என்ற கேள்வி.

நான் சொல்லும் வரிசை வேறு. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது இதில் ஏழாவது படி. அதற்கு முந்தைய ஆறு படிகளையும் சொந்த ஊரிலிருந்தபடியே, பெரிய செலவில்லாமல், இரண்டு மாதங்களில் முடித்துவிடலாம்.

1. பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

தமிழில் 'குற்றவியல்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 'குற்றவியல் வழக்கறிஞர்', 'குற்றவியல் நீதிமன்றம்' என்னும்போது சிவில் அல்லாதது என்று பொருள். 'குற்றவியல் துறை' என்னும்போது அது ஒரு சமூக அறிவியல். போதாததற்குத் தடய அறிவியலையும் பலர் இதே பெயரில் அழைக்கிறார்கள்.

ஒரு வீட்டில் பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பீரோவில் கைரேகை எடுப்பது தடய அறிவியல். எந்தப் பிரிவில் வழக்கு, அதை எப்படி நிரூபிப்பது என்பது சட்டம். இந்த நகரில் ஆறு மாதத்தில் நான்கு வீடுகள் உடைக்கப்பட்டபோது நான்கும் ஏன் ஒரே தெருவில், அந்த வீட்டாரில் இருவர் ஏன் புகாரே கொடுக்கவில்லை, பிடிபட்டவர் தண்டனை முடித்து வந்தும் ஏன் மறுபடி அதே வேலைக்குப் போனார் என்று கேட்பது குற்றவியல்.

உங்களை ஈர்ப்பது ஆய்வுக்கூடம் என்றால் வேதியியல், உயிரியல் அல்லது தடய அறிவியல் பட்டம் வேண்டும். தடய அறிவியல் துறை வேலைகளுக்கு அறிவியல் பட்டம் கேட்பார்கள்; முதுகலைக் குற்றவியல் அங்கே கைகொடுக்காது. காவல் உதவி ஆய்வாளர் ஆவதுதான் ஆசை என்றால் தமிழ்நாட்டுத் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகும் மூன்றாவது வகைக் கேள்விகள் உங்களை விடவில்லை என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

மூன்று சட்டங்களின் முழு உரை: பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம். மூன்றும் 2024 ஜூலை 1 முதல், முறையே பழைய இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், இந்தியச் சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் நடைமுறையில் உள்ளன. மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கூடவே பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் ஓர் அட்டவணை. கொலைக்குத் தண்டனை 302-இலிருந்து 103-க்குப் போய்விட்டது. திருட்டுக்கு 379 இருந்த இடத்தில் 303 வந்துவிட்டது. ஊரே பழமொழிபோல் சொல்லும் 420 இப்போது 318-க்குள் இருக்கிறது. இந்த அட்டவணை ஏன் வேண்டும் என்றால், 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்கள் இன்றும் பழைய தண்டனைச் சட்டப்படிதான் விசாரிக்கப்படுகின்றன. நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் இரண்டு எண்களும் காதில் விழும்.

அப்புறம் ஒரு நீளமான நோட்டு, எக்செல் அல்லது அதுபோன்ற ஏதாவது ஒரு விரிதாள். கணக்கில் சதவீதம், சராசரி தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

பிரிவுகளை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு அது. சட்டம் பக்கத்தில் இருக்கட்டும், தேவைப்படும்போது புரட்டுங்கள். இரண்டு மாதத்தில் முக்கியமானவை தானாகப் பதிந்துவிடும்.

3. ஒரு புகாரின் பாதையை வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் இடமிருந்து வலமாக எழுதுங்கள். நிகழ்வு, புகார், சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை), கைது, ரிமாண்ட் (நடுவர் உத்தரவில் காவலில் வைப்பது), குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு, சிறை அல்லது விடுதலை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி.

இனி ஒவ்வோர் அம்புக்குறிக்கும் கீழே இரண்டு விஷயம் எழுத வேண்டும். முடிவெடுப்பவர் யார்? இந்த இடத்தில் உதிர்ந்துபோவது எது?

உதாரணத்துக்கு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அது புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை மட்டுமே. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன் பிறகு நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தை நாடலாம். ரசீதோடு நின்றுபோன புகார் எந்த அரசுப் புள்ளிவிவரத்திலும் குற்றமாக ஏறாது.

ரிமாண்ட் அம்புக்குறிக்குக் கீழே 24 மணி நேரம் என்று எழுதுங்கள். கைதானவரை அதற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். குற்றப்பத்திரிகைக்குக் கீழே 60 அல்லது 90 நாள். குற்றத்தின் தன்மையைப் பொறுத்த அந்தக் கெடுவுக்குள் அது தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமையாகிவிடும்.

இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். குற்றவியலில் பின்னால் படிக்கப்போகும் எல்லாமே இதில் ஏதாவது ஓர் அம்புக்குறியைப் பற்றியதுதான். கோட்பாடுகள் முதல் அம்புக்குறிக்கு முன்னால் நிற்கின்றன. காவல்துறை ஆய்வுகள் நடுவில், சிறையும் மறுவாழ்வும் கடைசியில். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் படிப்பவர்களுக்குத்தான் இந்தத் துறை சிதறிக் கிடப்பதுபோலத் தெரிகிறது.

4. பத்து நாள் நீதிமன்றத்தில் உட்காருங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் குற்றவியல் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த நீதிமன்றங்கள். இடம் இருந்தால் யாரும் உள்ளே போய் உட்காரலாம். பாலியல் வன்முறை வழக்குகள், போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்ற) வழக்குகள் ஆகியவற்றின் விசாரணையும், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமும் மூடிய கதவுக்குள் நடப்பவை. அங்கே போக முயலாதீர்கள்.

உங்கள் ஊரின் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் தொடங்குங்கள். அமர்வு நீதிமன்றத்தில் பெரிய வழக்குகள் நடக்கும்தான். ஆனால் சாதாரண மனிதர்கள் சட்டத்தைச் சந்திக்கும் இடம் நடுவர் நீதிமன்றம். நீதிபதி வருவதற்கு முன் போய், கைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். யாராவது கேட்டால் "குற்றவியல் படிக்கப்போகிறேன், விசாரணையைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லுங்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் மற்ற ஒன்பது நாளும் எளிதாகப் போகும்.

நோட்டில் ஐந்து கட்டம் போதும். வழக்கின் வகை, எந்த நிலையில் இருக்கிறது, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சிறையிலிருந்து வந்தாரா வீட்டிலிருந்து வந்தாரா, சாட்சி வந்தாரா, வாய்தா என்றால் என்ன காரணம். பெயர்களை எழுதாதீர்கள். சி.சி., பி.ஆர்.சி., எஸ்.சி. என்ற எழுத்துகள் காதில் விழும். சி.சி. என்றால் அந்த நடுவரே விசாரிக்கும் வழக்கு. பி.ஆர்.சி. அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பி வைக்க வேண்டியது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அது எஸ்.சி. ஆகிவிடும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் புரியாது. பெயர் கூப்பிடுவார்கள், ஒருவர் கைகட்டி நிற்பார், தேதி சொல்வார்கள், அவர் போய்விடுவார். சலிப்பாகத்தான் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து வடிவம் தெரியத் தொடங்கும். சம்மன் போய்ச் சேரவில்லை, விசாரணை அதிகாரி பந்தோபஸ்துக்குப் போய்விட்டார், ஆய்வக அறிக்கை வரவில்லை, வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார். பத்து நாள் முடிந்ததும் வாய்தாக் காரணங்களை விரிதாளில் ஏற்றி எண்ணிப் பாருங்கள். உங்கள் கையால் நீங்களே திரட்டிய முதல் தரவு அது.

இங்கே நடக்கும் தவறு, ஒரே ஒரு வழக்கின் கதையில் மூழ்கிவிடுவது. என்னோடு வந்த ஒரு மாணவி மூன்று நாள் ஒரே எதிரியையும் அவருடைய தாயையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரக்கம் நல்லது, அது இல்லாதவர் இந்தத் துறைக்கு வரவே கூடாது. ஆனால் அதே அறையில் அன்று கூப்பிடப்பட்ட மற்ற வழக்குகளுக்கு அவர் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. ஒருவரையும் பார்க்க வேண்டும், அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அது எப்படி நேர்கிறது என்பதை உங்கள் வாய்தாப் பட்டியல் ஓரளவு காட்டிவிடும்.

5. இப்போது புள்ளிவிவரத்தைத் திறங்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்.சி.ஆர்.பி., ஆண்டறிக்கைகளைத் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குற்றங்களுக்கு ஒன்று, சிறைகளுக்கு ஒன்று, விபத்து மரணங்களுக்கும் தற்கொலைகளுக்கும் சேர்த்து ஒன்று. நீதிமன்றத்துக்குப் பிறகு இதைத் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னதாகத் திறந்தால் எண்ணை அப்படியே நம்பிவிடுவீர்கள்.

ஒரு பயிற்சி. தமிழ்நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்ட வழக்குகள் 2019-இல் 1,68,116. 2020-இல் 8,91,700. ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கு மேல். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு, "பொதுமுடக்க வறுமையால் தமிழ்நாட்டில் குற்றம் பெருகியது" என்று பத்துப் பக்கம் எழுதிக் கொண்டுவந்த மாணவர் உண்டு.

அடுத்த அட்டவணையைப் புரட்டியிருந்தால் விடைக்கான தடயம் கிடைத்திருக்கும். அரசு ஊழியரின் உத்தரவை மீறுவதற்கான 188-ஆம் பிரிவில் நாடு முழுவதும் 2019-இல் 29,469 வழக்குகள்; 2020-இல் 6,12,179. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மீது போட்ட வழக்குகள் அவை. அதே ஆண்டில் திருட்டு, வழிப்பறி வழக்குகள் நாட்டளவில் குறைந்திருந்தன. மக்கள் மாறியதைவிட, எதை வழக்காகப் பதிவது என்பதுதான் மாறியிருந்தது.

எந்த அட்டவணையை எடுத்தாலும் சில கேள்விகளை விடாமல் கேளுங்கள்.

எண்ணப்படுவது எது? எஃப்.ஐ.ஆர். மட்டுமே. மூன்றாம் படியில் உதிர்ந்தவை இதில் இல்லை. ஒரு மாநிலத்தில் எண்ணிக்கை உயர்ந்தால் குற்றம் கூடியிருக்கலாம், அல்லது காவல் நிலையக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கலாம்.

ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால்? மிகக் கடுமையான ஒன்றின் கீழ்தான் கணக்கு. பாலியல் வன்முறையோடு கொலையும் நடந்திருந்தால் அது கொலைப் பட்டியலில் போய்விடும். பாலியல் வன்முறையின் எண்ணிக்கையைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

வகுக்கும் எண் எது? குற்ற வீதம் ஒரு லட்சம் மக்களுக்குக் கணக்கிடப்படுகிறது, பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குப் பெண்களின் மக்கள்தொகையைக் கொண்டு. தண்டனை வீதத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். அது பதிவான வழக்குகளில் இத்தனை சதவீதம் என்பது அல்ல. அந்த ஆண்டில் விசாரணை முடிந்த வழக்குகளில் இத்தனை. 1,000 வழக்கு பதிவாகி, 100 மட்டுமே விசாரணை முடிந்து, 60-இல் தண்டனை கிடைத்தால் வீதம் 60 சதவீதம் என்று அச்சாகும்.

சட்டம் நடுவில் மாறியதா? செயின் பறிப்பைப் பாருங்கள். முன்பு அது திருட்டாகவோ வழிப்பறியாகவோ பதிவானது. இப்போது பறிப்புக்கென்றே நியாய சன்ஹிதாவில் 304 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. 2024-க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரைந்தால் பிழையாகும்.

6. அப்புறம்தான் கோட்பாடு

கோட்பாட்டைத் தேர்வுக்கான பட்டியலாகப் படித்தால் எதுவும் ஒட்டாது. ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்பாடும் அதில் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று பாருங்கள். செயின் பறிப்பையே எடுப்போம்.

அதிகாலை ஐந்தரை மணி. வாசலில் கோலம் போட ஒரு பெண் குனிந்திருக்கிறார். தெருவில் ஆளில்லை. இரண்டு பேர் பைக்கில் வருகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் 1979-இல் சொன்ன அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. செய்யத் துணிந்தவர், தோதான இலக்கு, தடுக்க யாருமின்மை என்ற மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கூடுகின்றன. இது "ஏன் இந்த இடம், ஏன் இந்த நேரம்?" என்ற கேள்விக்கான பதில்.

பைக்கில் வந்தவர் ஏன் இதைத் தேர்ந்தார் என்று கேட்டால் சமூகவியலாளர் மெர்ட்டன் வருவார். எல்லோருக்கும் ஒரே கனவைக் காட்டிவிட்டு, அதை அடையும் வழிகளைச் சிலருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் வேறு வழி தேடுவார்கள் என்பது அவர் வாதம். யாரிடமிருந்து கற்றார் என்று கேட்டால் குற்றவியலாளர் சதர்லேண்ட். குற்றச்செயலும் நெருங்கிய பழக்கத்தில் கற்றுக்கொள்ளப்படுவதே என்றார். பிடிபட்டு வெளியே வந்த பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ள முத்திரையிடல் கோட்பாடு வேண்டும். 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்ற பெயர் ஒருவர் மீது ஒட்டிவிட்டால் வேலை, வாடகை வீடு, கல்யாணம் என ஒவ்வொரு கதவும் எப்படி மூடுகிறது என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம்.

இணையக் குற்றங்களுக்கு வரும்போது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜெய்சங்கரைப் படியுங்கள். தம் அந்தஸ்து கருதி வெளியுலகில் அடக்கிக்கொள்ளும் செயலை இணையவெளியில் ஒருவர் ஏன் செய்யத் துணிகிறார் என்று அவருடைய வெளிமாற்றக் கோட்பாடு கேட்கிறது.

எந்தக் கோட்பாடு சரி என்று சண்டை போடுவது வீண். மேலே உள்ளவை வெவ்வேறு கேள்விகள். உங்கள் கேள்வி எது என்று தெரிந்தால் எந்தக் கோட்பாட்டை எடுப்பது என்பதும் தெரியும்.

கோட்பாடு கையில் வந்ததும் முப்பது வீடுகளில் ஒரு சின்ன ஆய்வு செய்து பாருங்கள். கேள்வி மூன்றுதான். கடந்த ஓராண்டில் ஏதாவது பொருள் திருடு போனதா? புகார் கொடுத்தீர்களா? கிடைத்தது ரசீதா, எஃப்.ஐ.ஆரா? முப்பது வீட்டை வைத்து ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணிக்கையில் ஏறாத குற்றம் என்றால் என்ன என்பது கண்முன் தெரியும்.

கதவைத் தட்டும் முன் மூன்று விதி. யார், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே கேளுங்கள். பெயர், கதவு எண் குறிக்காதீர்கள். பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை பற்றிப் பயிற்சியில்லாமல் கேட்கவே கேட்காதீர்கள். ஆறிய புண்ணைக் கிளறிவிட்டு மருந்தில்லாமல் திரும்பி வருவீர்கள். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக யாராவது தானாகச் சொன்னால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

7. கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உண்டு. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதைச் சமூகப்பணியோடு இணைத்துக் கற்பிக்கிறது. காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் இளங்கலையும் உண்டு.

பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி மூன்றைத் தேடுங்கள். ஆய்வு முறையியலும் புள்ளியியலும் கட்டாயத் தாளாக இருக்கின்றனவா? களப்பயிற்சி உண்மையில் எத்தனை நாள், எங்கே? சட்டத் தாள் புதிய சட்டங்களுக்கு மாறிவிட்டதா? களப்பயிற்சியைப் பற்றிச் சீனியர்களிடம் கேளுங்கள். ஒருநாள் சிறையைச் சுற்றிக் காட்டிவிட்டு வருவதைக் களப்பயிற்சி என்று எழுதியிருப்பதும் உண்டு.

இன்னொன்று, பட்டத்தின் பெயர். அரசு வேலை அறிவிக்கைகளில் 'இணையான பட்டம்' என்ற சொல் பலரின் பல ஆண்டு உழைப்பை முடக்கியிருக்கிறது. நீங்கள் குறிவைக்கும் பணியின் கடந்த அறிவிக்கையை எடுத்து, அதில் உள்ள பட்டப் பெயரும் சேரப்போகும் படிப்பின் பெயரும் பொருந்துகின்றனவா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள்.

8. வேலையைப் பதவியின் பெயரால் தேடாதீர்கள்

'குற்றவியலாளர் தேவை' என்று விளம்பரம் வருவது அரிது. செய்யும் வேலையைக் கொண்டு தேடுங்கள்.

இந்தப் படிப்பு முழுமையாகப் பயன்படும் இடம் என்று நான் நினைப்பது நன்னடத்தை அலுவலர் பணி. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, தண்டனைக்குப் பதிலாக ஒருவரை நன்னடத்தைப் பிணையில் விடலாமா என்று நீதிமன்றம் யோசிக்கும்போது இவருடைய அறிக்கையைக் கேட்கும். சட்டத்தோடு முரண்பட்ட சிறார் பிடிபட்டால் இரண்டு வாரத்துக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கையை இளைஞர் நீதிக் குழுமத்துக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய், பள்ளிக்குப் போய், நண்பர்களிடம் பேசி எழுதும் நாலு பக்கம் ஒரு பையன் அடுத்த சில ஆண்டுகளை எங்கே கழிப்பான் என்பதை மாற்றக்கூடியது. தமிழ்நாட்டில் இந்தப் பணி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 அறிவிக்கைகளில் வந்ததுண்டு. தகுதிப் பகுதியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியுங்கள்.

சிறை நல அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றையும் பாருங்கள். மாவட்ட அளவில் வருபவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். அவற்றின் அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வந்து சில வாரத்தில் மறைந்துவிடும், ஆகவே வாரம் ஒருமுறை பாருங்கள். எண்களோடு வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு வங்கிகளின் மோசடி கண்காணிப்புப் பிரிவுகள் இருக்கின்றன. கற்பிக்க விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே உண்டு.

விண்ணப்பத்தோடு சான்றிதழ்களை மட்டும் இணைத்து அனுப்புவது எல்லோரும் செய்வது. நேர்காணலுக்குப் போகும்போது அந்த வாய்தாப் பட்டியலையும் முப்பது வீட்டு ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் எடுத்துப் போங்கள். "களத்தில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் மேசையில் வையுங்கள்.